அம்மாவின் பேர் வாசித்த பூசை

இந்த முறை ஆத்துமாக்களின் பூசைக்கு வர இருக்கிறவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோயில் மூப்பர், மரித்தவர்களின் பட்டியலை வாசிக்கும்போது ஒரு பேர் உங்களைத் தூக்கிவாரிப்போடும். அதற்காக யாரும் மயங்கி விழக்கூடாது. நமக்கெல்லாம் அறுபது தாண்டியாயிற்று. விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும், பிறகு உங்கள் பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள்.

இதை நமது மூத்தோர் கூட்டத்திலேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்தால் இரண்டு பேர் தூங்குவீர்கள், மூன்று பேர் என்னைத் திருத்துவீர்கள். எழுதினால் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்பீர்கள். "இவள் ஏன் எப்போதும் கோயில் பின்கதவோரம் நின்றே பூசை காண்கிறாள், வாங்குகள் சும்மா கிடக்கின்றனவே" என்று நீங்கள் எனக்குப் பின்னால் கதைப்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெருமுனையில் உட்துறைமுகத்தின் தண்ணீர் தெரியும். பகலெல்லாம் ஏதாவது ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருக்கும். புள்ளிமான்கள் தெருவில் வந்து பழத்தோல் தின்னும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வருகிற கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கரையில் கட்டுகிற கூட்டத்தில் ஒருவர். அவரது உள்ளங்கையைத் தொட்டால் தேங்காய்ப்பொச்சைத் தொட்டதுபோலச் சொரசொரவென்று இருக்கும்.

ஒரு லீவு நாள் காலையில், கொஞ்சம் நெல் பார்த்து வருகிறேன் என்று அப்பா குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூருக்குப் புறப்பட்டார். நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனதால் வீட்டுச் செருப்பு வாசலில் கிடந்தது. குடாவைக் கடக்கிற மோட்டார்ப் படகு, அந்த லோஞ்சில் ஏறினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். மூதூரில் இறங்கினதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

அவ்வளவுதான். மூன்று நாள் கொட்டியாரக் குடாவில் தேடினார்கள். சப்பாத்துக்கூடக் கிடைக்கவில்லை. கடலில் விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும், அத்தனை பேர் அந்த லோஞ்சில் இருந்தார்கள். அந்த லோஞ்சில் கயிறு கட்டுகிற முஸ்லிம் மனிதர், நாங்கள் மூதூர் நானா என்போம், அப்பாவின் சிநேகிதர். அவர் கிழமைக்கு ஒருதரம் தயிர்ச்சட்டியோடு வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் அம்மா அதே கேள்வியைக் கேட்பார். நானாவும் அதே பதிலைச் சொல்லுவார்.

"தங்கச்சி, ஏறினத நான் கண்ணால கண்ட. முன்னுக்குத்தான் இருந்தார். நடுக்குடாவில ஒருக்காத் திரும்பிப் பார்த்த, இருந்தார். என்னப் பாத்துச் சிரிச்சார். கரையில கயிறு எறியக்குள்ள திரும்பிப் பார்த்த, ஆளில்ல. அவர் இருந்த இடம் மட்டும் ஈரமா இருந்திச்சு."

"ஈரமா?"

"ஓம் தங்கச்சி. மத்த இடமெல்லாம் காய்ஞ்சு கிடந்திச்சு."

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். அந்த ஈரம் வருகிற இடத்தில் என் கால் இரண்டும் குளிர்ந்துபோகும்.

அன்றிலிருந்து அம்மா உட்காரவில்லை. கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே உட்காரவில்லை. குசினியில் நின்றபடியே சாப்பிட்டார். நின்றபடியே தைத்தார். விடியக் கண்விழித்துப் பார்த்தால் வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி கண்ணை மூடியிருப்பார். நான் அசைந்தால் உடனே திறப்பார். "அவர் வரேக்க நான் இருந்துகொண்டு இருந்தா என்ன நினைப்பார்?" என்று ஒருமுறை கேட்டார். யாரிடம் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு அந்தச் செருப்பு. அப்பா கழற்றிவிட்டுப் போனபடி அதன் முனை தெருவைப் பார்த்து இருந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது தெருவைப் பார்த்து இருக்கும். மத்தியானம் வரும்போது வீட்டைப் பார்த்து இருக்கும், யாரோ உள்ளே வந்து கழற்றினதுபோல. பின்னேரம் மறுபடி தெருவைப் பார்க்கும். நான் அந்தச் செருப்பைச் சுற்றி வளைத்துத்தான் வீட்டுக்குள் போவேன். உள்ளே போனதும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பேன். அப்பா இருந்தால் சந்தோஷம் என்று எட்டிப் பார்க்கவில்லை. இருந்துவிடுவாரோ என்ற பயத்தில் எட்டிப் பார்த்தேன். சொந்தத் தகப்பனுக்கு அப்படிப் பயந்தேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை யன்னல் சீலைக்குப் பின்னால் ஒளித்திருந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மூதூர் லோஞ்சு வந்து ஊதியது. அம்மா கேற்றடிக்குப் போய், லோஞ்சில் வந்தவர்கள் எல்லாரும் தெருவைக் கடந்து முடியும்வரை நின்றார். திரும்பி வந்து, காலால் அந்தச் செருப்பை மெதுவாக வீட்டைப் பார்க்கத் திருப்பினார். பின்னேரம் லோஞ்சு திரும்பிப் போகும்போது தெருவைப் பார்க்கத் திருப்பினார். செய்தது அம்மாதான் என்று தெரிந்ததும் என் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் கூடியது.

ஆவணி, புரட்டாதி போயிற்று. அம்மாவின் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. தெரிந்த அப்போதிக்கரி வைத்தியர் ஒருவரை மாமி கூட்டிவந்தார். மாமி அப்பாவின் தமக்கை, ரீச்சர், கல்யாணம் செய்யாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நமக்கு ஞானோபதேசம் படிப்பித்தவரும் அவர்தான். எனக்கு முதலெழுத்து எழுதப் பழக்கினதும் அவர்தான், அதனால் என் எழுத்தும் அவர் எழுத்தும் ஒரே பக்கமாகச் சாயும். அப்போதிக்கரி காலைப் பார்த்துவிட்டு, கேற்றடியில் வைத்து மாமியிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"மருந்துக்கு ஏலாது ரீச்சர். ஆள் படுக்கவேணும், உறங்கவேணும். இப்பிடியே நிண்டா இந்த மாரி தாண்டமாட்டா."

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மாரி ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

நவம்பர் வர முதல், வீட்டுக்கு ஒன்றாக மஞ்சள் நிறக் கடித உறை கொடுப்பார்களே, அதை நம் தெருவில் கொடுத்தது மாமி. செத்துப்போன உறவுகளின் பேர்களை உள்ளே எழுதிப் பீடத்தடிப் பெட்டியில் போட வேண்டும். ஆத்துமாக்களின் நாளில் ஒவ்வொரு பேராக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து "இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே" என்று சொல்லுவோம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற ஆத்துமா தனக்காகத் தான் எதுவும் கேட்க ஏலாது, மற்றவர்கள் கேட்டால்தான் உண்டு என்று மாமி படிப்பித்திருந்தார்.

நான் கை உயர்த்தினேன். "மாமி, உயிரோட இருக்கிற ஆக்களுக்கு?"

"உயிரோட இருக்கிற ஆக்கள் தாங்களாக் கேக்கலாம் பிள்ளை."

"கேக்காட்டி?"

மாமி திரும்பிக் கரும்பலகையை அழித்தார், அதில் ஒன்றும் எழுதியிருக்காதபோதும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே, அத்தனை சனத்துக்கும் முன்னால், அம்மாவுக்கும் மாமிக்கும் கதை தடித்தது.

"அவன் என்ர தம்பி. அவனுக்காக ஒரு செபம் சொல்ல எனக்கு உரித்தில்லையே? அவன்ர பேரை எழுது எண்டுதானே கேக்கிறன்."

"செபத்தைச் செத்தவைக்குச் சொல்லுங்கோ மச்சாள். அவர் சாகேல்லை. நான் பேர் எழுதினா, நான்தான் அவரைச் சாக்காட்டின மாதிரி."

"இப்பிடியே நிண்டு நிண்டு ஒருநாளைக்கு நீதான் சாகப்போறாய்!"

மாமி ரீச்சர்க் குரலில் சொன்னதால் அது கடைசிப் படிவரை கேட்டது. சொன்ன உடனே அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். சனம் அதைப் பார்க்கவில்லை. சொன்னதை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டது.

பெட்டியில் போடவேண்டிய கடைசி நாளில் அம்மா ஒரு வெறுங்கடதாசியை மடித்து உறைக்குள் வைத்து என்னிடம் தந்தார். "கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள போடு. மாமி கண்டிட்டுப் பேசாமல் இருக்கட்டும்."

கோயிலில் ஒருவரும் இல்லை. மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். உறையை எடுத்துக்கொண்டு சுரூபங்களுக்கு நடுவே நின்றேன். கையில் ஒரு வெறுங்கடதாசி. அப்பாவின் பேரை எழுதினால் அம்மா செத்துப்போவார். வேறு யாருக்கு? தாத்தாமார் சேமக்காலைக் கல்லறைகளில் நன்றாகப் படுத்துக் கிடந்தார்கள். படுக்காமல் நிற்பது ஒரே ஒருவர்தான். தனக்காகக் கேட்காதவரும் அவர்தான்.

பட்டியல் செத்தவர்களுக்கானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் மொக்குப் பிள்ளை இல்லை. ஆனால் இத்தனை பேர் ஒன்றாகக் கேட்கிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். பள்ளிக்கூடப் பையிலிருந்து பேனையை எடுத்து, முழங்காலில் கடதாசியை வைத்து, அம்மாவின் முழுப் பேரையும் வடிவாக எழுதினேன். பெட்டிக்குள் போட்டதும் உறை அடியில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. கையை விட்டுத் துளாவிப் பார்க்கப் பயந்து ஓடிவந்துவிட்டேன்.

ஆத்துமாக்களின் நாளன்று கோயில் நிறைந்திருந்தது. நனைந்த குடைகளின் மணமும் மெழுகின் மணமும். காலையிலேயே இருட்டிக் கிடந்தது. அம்மா வழக்கம்போலப் பின்கதவோரம் நின்றார், நான் பக்கத்தில். மூப்பர் வாசிக்கத் தொடங்கினார். பேர், பதில். பேர், பதில். உங்களுக்குத் தெரியும்தானே அந்த இழுவை. கொஞ்ச நேரத்தில் நாங்கள் சொல்வதை நாங்களே கேட்பதில்லை, வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போகும். அப்படித்தான் அன்றைக்கும். மூப்பர் அம்மாவின் பேரை வாசித்தார். அந்தப் பேர் காதில் ஏறுவதற்கு முன்னமே முழுச் சனத்தின் வாயும் பதிலைச் சொல்லி முடித்துவிட்டது.

"இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே."

அதற்குப் பிறகுதான் விளங்கியது. முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாக் கண்ணும் அம்மாவில். இப்போதுதான் செத்த ஒருத்தி கதவோரம் நிற்பதுபோலப் பார்த்தார்கள். சுவாமியார் பீடத்தில் கையை விரித்தபடியே நின்றுவிட்டார்.

அம்மா கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அவர் உட்காரக் கண்டு எத்தனை மாதம். முதுகை வாங்கில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். அப்போது வந்த பயத்தை இன்றுவரை வேறெதற்கும் அனுபவித்ததில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் வாசலில் கூட்டம் கூடியது. மூப்பர் அந்தக் கடதாசியைத் தூக்கிப் பிடித்தார். உறைகளை எல்லாம் வெட்டிக் கடதாசிகளை ஒன்றாகக் குவித்திருந்ததால் அது எந்த வீட்டு உறைக்குள் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

"இது ரீச்சரின்ர எழுத்து," என்று ஒருவர் சொன்னார். "போன ஞாயிறு வாயாலயும் சொன்னவதானே," என்று இன்னொருவர்.

மாமி அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஓம்," என்றார். "நான்தான் எழுதினனான்."

அந்த இடத்தில் எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றவுணர்ச்சி. இரண்டும் தோன்றவில்லை. தோன்றியது இன்னொரு பயம். மாமி பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் நான் எழுதினேனா? உறை விழுந்த சத்தம் கேட்கவில்லையே. நான் போட்டது எங்கே, மாமி போட்டது எது? அந்தச் சந்தேகம் அன்றைக்கு எனக்குள் வந்து குந்தியது. வளர்ந்த பிறகு அறிவு பதில் சொன்னாலும் அது முழுதாக எழும்பிப் போகவில்லை.

சனம் சேமக்காலைக்குக் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போனது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கென்று விட்டுவைத்த வெறும் நிலத்தில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர் காற்றுக்கு ஒதுக்கி வைத்ததாக இருக்கலாம். ஒருவரும் அதை அணைக்கவில்லை, ஒருவரும் அதன் பக்கம் போகவுமில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா கட்டிலில். சேலைகூட மாற்றவில்லை. குடை விரித்தபடி அறைக்குள் கிடந்தது. தட்டினேன், கூப்பிட்டேன், அசைவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அன்று முழுவதும் அப்படியே. அடுத்த நாள் காலையிலும் அப்படியே. ஒருத்தி கண்ணாடியை மூக்கடியில் பிடித்தாள். ஒருத்தி மரிக்கிறவர்களுக்கான செபத்தை மெல்லிய குரலில் தொடங்கினாள். சவப்பெட்டிக்கு யாரிடம் சொல்வது என்றுகூடக் கதை வந்தது. நான் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, மேலே பலகை அசைகிறதா என்று பார்த்தபடி கிடந்தேன். அந்தப் பலகையில் இருந்த ஆணிகளின் எண்ணிக்கை இப்போதும் நினைவிருக்கிறது, ஒன்பது.

மாமி வந்தார். பெண்கள் அவரை உள்ளே விடவில்லை. கேற்றுக்கு வெளியே, மழையில், குடையில்லாமல் நின்றார். அம்மா எத்தனை மாதம் நின்றாரோ அதே இடத்துக்கு நேரே, மறுபக்கத்தில்.

பன்னிரண்டு மணிக்கு லோஞ்சு ஊதியது. அம்மா அசையவில்லை. எனக்குச் செருப்பு நினைவு வந்தது. அம்மா படுத்துக் கிடக்கிறார், இன்றைக்குத் திருப்ப ஆளில்லை, நான் திருப்பவேண்டுமா என்று யோசித்தபடி தவழ்ந்து வெளியே வந்து வாசலுக்குப் போனேன். செருப்பு இரண்டும் வீட்டைப் பார்த்து இருந்தன. காலையில் தெருவைப் பார்த்துக் கிடந்ததை என் கண்ணால் கண்டேன். பெண்கள் எல்லாரும் அறைக்குள். மாமி கேற்றுக்கு அப்பால். தொட்டுப் பார்த்தேன். வாசல் தாவாரத்துக்கு உள்ளே, மழை படாத இடத்தில், செருப்பு நனைந்திருந்தது.

யார் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது கால் தடுக்கியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தயிர்ச்சட்டியோடு நானா வந்தார். கூட்டத்தைக் கண்டு பதறி, அறை வாசலில் நின்று காதைக் கொடுத்தார். பிறகு பெண்களைப் பார்த்துச் சீறினார்.

"என்ன வேல பாக்கிறீங்க? மவுத்தான ஆள் குறட்ட விடுமா? கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க. உறங்கட்டும் அந்த மனிசி!"

உண்மைதான். செபத்தை நிறுத்தியதும் கேட்டது. அம்மா நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பின்னேரம், லோஞ்சு திரும்பிப் போகிற ஊதலோடு அம்மா கண் விழித்தார். தேத்தண்ணி கேட்டார். எழும்பி வந்து, அப்பாவின் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து குடித்தார். பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார் அம்மா. "நீங்கள் எல்லாரும் சேந்துதானே எனக்காகக் கேட்டனீங்கள். ஊர் முழுக்கக் கேட்டுக் குடுத்ததை, நான் ஒருத்தி மாட்டன் எண்டு நிக்கேலுமே?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தெருவைப் பார்த்தபடி சொன்னார். "அவர் கடலுக்க இருந்தாலும் கரையில இருந்தாலும் ஆண்டவரின்ர கைக்குள்ளதான். அதுக்கு நான் காவல் நிக்கத் தேவையில்லை. இவ்வளவு நாளும் நான் நிண்டபடியாத்தான் அவர் இருக்கிறார் எண்டு நினைச்சன்."

அன்றைக்குப் பிறகு அம்மா கேற்றடிக்குப் போகவில்லை. லோஞ்சு ஊதும்போது சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கால் வற்றியது. அந்த மாரியைத் தாண்டினார், அதன்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட மாரிகளையும் தாண்டினார். சண்டை வந்து நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில்கூட, மரத்தடியோ பள்ளிக்கூட மண்டபமோ, செபத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தால் நித்திரைதான். "எப்பிடி அம்மா உங்களால ஏலுது?" என்று கேட்டால், "எனக்குக் கிடைச்சது," என்பார். அந்த ஓட்டத்தில்தான் அப்பாவின் செருப்பு தொலைந்தது. அம்மா அதைத் தேடவில்லை.

மாமியைப் பற்றித்தான் நான் சொல்லக் கூசுகிறேன். உயிரோடிருக்கிறவளுக்குச் சாவு கேட்டவள் என்று பேர் ஆயிற்று. ஞானோபதேச வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பாலன் பிறப்புத் திருநாளில் ஒருவரும் அவர் கொடுத்த பலகாரத்தை வாங்கவில்லை. தை மாதம் மாற்றம் கேட்டு மன்னாருக்குப் போய், அங்கேயே இருந்து, அங்கேயே செத்தார். நான் ஒரு கடிதம் எழுதவில்லை. ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்ல முழங்காலிடுவேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று வேறெதையோ சொல்லிவிட்டு எழும்புவேன். என் பிள்ளைகளுக்கு இது தெரியாது. உங்களுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

இந்த வருஷம், இங்கே நம் ஊர் லிங்கநகரில் என் வீட்டில், அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரு காலையில் அலுமாரியைக் காட்டி, "என்ர பழைய செபப்புத்தகத்தை எடு," என்றார். அதற்குள் மடித்த ஒரு கடதாசி இருந்தது. பழுத்துப்போன கடதாசி. நடுவில் என் பத்து வயது எழுத்தில் அம்மாவின் பேர். பக்கத்தில் சிவப்பு மையில், பள்ளிக்கூடக் கொப்பியில் போடுவதுபோல, ஒரு 'சரி' அடையாளம்.

கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது உங்களிட்ட எப்பிடி?"

"மச்சாள் மன்னாருக்குப் போறதுக்கு முதல் நாள் வந்து தந்தவ. நீ பள்ளிக்கூடத்தில."

"உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"வெறுங்கடதாசியை உன்ர கையில தந்தது நான்தானே பிள்ளை. அவவுக்கு உன்ர எழுத்துத் தெரியாதே? அவதானே பழக்கினவ. குசினிக்குள்ள இருந்து ரெண்டு பேரும் அழுதம், பிறகு சிரிச்சம். ஊருக்கு உண்மையைச் சொல்லுறன் எண்டு நான் சொன்னனான். அவ விடேல்லை. 'பிள்ளையை எல்லாரும் பேய் பிடிச்ச பிள்ளை எண்டு பாப்பினம், எனக்கு என்ன, நான் தனி ஆள்' எண்டவ. வளந்தா உனக்கு மறந்திடும் எண்டு நினைச்சம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. படுக்கையில் கிடக்கிற எண்பத்தைந்து வயதுக் கிழவியிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "மறக்கேல்லை அம்மா! ஒருநாளும் மறக்கேல்லை! ரெண்டு பேரும் எனக்கெண்டு சுமந்தியள், ஆனா நானும் அதைத்தானே சுமந்தனான்! ஒரு வசனம் சொல்லியிருந்தா நான் மன்னாருக்குப் போய் அவவின்ர காலைப் பிடிச்சிருப்பன்!"

அம்மா என்னைப் பேசவிட்டார். பிறகு சொன்னார், "ஓம். நாங்கள் பிழை விட்டிட்டம். எனக்கு இப்ப கொஞ்ச வருசமாத்தான் விளங்கினது. நீயும் நிண்டுகொண்டுதானே சாப்பிடுறாய்."

நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை இருந்தது.

"நவம்பருக்கு என்ர பேரை எழுதாத," என்றார். "எனக்கு அப்பவே வாசிச்சாச்சு. உன்ர பேரை எழுது."

பத்து நாளில், மத்தியானம், நித்திரையிலேயே போனார். எப்போது போனார் என்று சரியாகச் சொல்ல ஏலாது. குறட்டை நின்றதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்.

நேற்றுக் கடித உறை வந்தது. இப்போதிருக்கிற பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில், முதல் முறையாக, சுற்றி வளைக்காமல் சொன்னேன். உயிரோடிருக்கிற என் பேரையும் எழுதலாமா என்று கேட்டதற்கு முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "எழுதுங்கோ அம்மா," என்றார்.

எழுதிவிட்டேன். முதலில் மாமியின் பேர். மன்னாரில் யாராவது எழுதியிருப்பார்கள், இருந்தாலும் நம் கோயிலில், அவரைத் துரத்திய அதே கோயிலில், அந்தப் பேரை ஊரே சேர்ந்து சொல்ல வேண்டும். அம்மாவின் பேரை எழுதவில்லை. அப்பாவின் பேரையும் எழுதவில்லை. அம்மா எந்தக் கையில் விட்டாரோ அந்தக் கையிலேயே இருக்கட்டும். மாமியின் பேருக்குக் கீழே என் பேர், அதே சாய்ந்த எழுத்தில்.

எழுதி முடித்து வாசலைப் பார்த்தபோது என் வீட்டுச் செருப்பு இரண்டும் உள்ளே பார்த்துக் கிடந்தன. நான்தான் அப்படிக் கழற்றியிருப்பேன்.

ஆகவே, அன்றைக்கு என் பேர் வாசிக்கும்போது பின்கதவைத் திரும்பிப் பார்க்காதீர்கள், நான் அங்கே நிற்கமாட்டேன். பயப்படாமல், சத்தமாக, எல்லாருமாகப் பதிலைச் சொல்லுங்கள். உங்கள் வாங்கில் எனக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள். நான் வந்து உட்காரப்போகிறேன்.